வலது பக்க லிவர்

வேர்வை வந்ததுக்காக யாராவது திட்டு வாங்குவாங்களா? என் மக நௌஷிதா வாங்கினா. திட்டினது கோச் சுதீர் சார். போன வருஷம் அவ ஓட்டின சைக்கிளோட வலது பக்க லிவரைப் பிரிச்சு மேசை மேல பரப்பி வச்சுக்கிட்டு, "சேச்சி, இது ஷிஃப்டரா, உப்பளமா?"ன்னு என்னைக் கேட்டார்.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. என் வாய் கொஞ்சம் நீளம், கொச்சியில மட்டாஞ்சேரி முழுக்கத் தெரியும். "வேர்க்காம சைக்கிள் ஓட்டுறதுக்கு ஏ.சி. போட்டுக் கொடுங்க சார்"ன்னேன். அப்புறம் எட்டிப் பாத்தேன். சார் சொன்னதுல தப்பே இல்ல. உள்ள இருந்த சின்னச் சின்ன ஸ்பிரிங்கெல்லாம் கருவாட்டுல உப்புப் பூத்த மாதிரி வெள்ளையா, ஓரமெல்லாம் பச்சையா கிடந்துச்சு.

ஷிஃப்டர்ங்கறது கைப்பிடியில ப்ரேக்கோட சேந்து இருக்கும். அந்த லிவரைத் தட்டினா உள்ள ஒரு கம்பி இழுபட்டு, பின் சக்கரத்துல செயின் ஒரு பல்லுச் சக்கரத்துல இருந்து இன்னொரு பல்லுச் சக்கரத்துக்குத் தாவும். பெரிய பல்லுல செயின் கிடந்தா மிதிக்க லேசு, அது ஏத்தத்துக்கு. சின்னப் பல்லுல கிடந்தா கல்லு மாதிரி கனம், அது இறக்கத்துக்கு. இவ்வளவுதான் விஷயம், நானே கத்துக்கிட்டேன். ஆனா அந்த லிவருக்குள்ள வேர்வை இறங்கிடுச்சுன்னா எல்லாமே போச்சு.

எங்க நௌஷிக்கு இறங்காம என்ன செய்யும்? மழைக்காலத்துல ரோட்டுல ஓட்ட முடியாது. ரோலர்னு ஒண்ணு கொடுத்திருந்தாங்க. உருளை மேல சைக்கிளை ஏத்தி, நின்ன இடத்துலயே மிதிக்கணும். சுள்ளிக்கல்ல இருக்கிற எங்க வீட்டு முன்னறையில கட்டிலைச் சாச்சு வச்சுட்டு, அதுல அவ மிதிப்பா. ஃபேன் ஓடும், வேர்வையும் ஓடும். தாடையில இருந்து சொட்டுச் சொட்டா அந்த வலது பக்க லிவர் மேலயே விழும். அது ஏன் வலது பக்கம் மட்டும்னு கேக்காதீங்க. மூச்சு வாங்கும்போது தலைய அந்தப் பக்கம் சாய்ப்பா, பிறந்ததுல இருந்து அப்படித்தான். பால் குடிக்கும்போதும் அப்படித்தான்.

சைக்கிள் எங்களோடது இல்ல, கிளப்போடது. பதினெட்டு வயசு ஆகிற வரைக்கும்தான் கொடுப்பாங்க. "வேற ஒண்ணு தர்றேன். இதுவும் இப்படிப் போச்சுன்னா என்கிட்ட வராதீங்க"ன்னு சார் கறாரா சொல்லிட்டார். அது போக ஜனவரியில மூணாறுல செலக்‌ஷன். அதுல முதல் நாலு பேர்ல வந்தா ஸ்டேட் டீம். டீம்ல வந்தா திருவனந்தபுரத்துல காலேஜ் சீட், ஹாஸ்டல், ஓட்டுறதுக்கு நல்ல சைக்கிள். வரலைன்னா, அந்த மாசக் கடைசியில அவளுக்குப் பதினெட்டு முடியுது, சைக்கிளைக் கொண்டுபோய் கிளப்புல விட்டுட்டு வரவேண்டியதுதான். அதுக்கப்புறம் நாங்க எங்க போய் அந்த மாதிரி ஒரு சைக்கிளுக்கு நிக்கிறது? என் மகளுக்கு சைக்கிள்தான் மூச்சு. படிப்பு சுமார், சமையல் படு மோசம், சைக்கிள்ல உக்காந்தா மட்டும் அவ வேற ஆளு.

அதனால வீட்டுல வேலையப் பிரிச்சுக்கிட்டோம். தண்ணி என் வேலை, எண்ணெய் அவ அத்தாவோட வேலை, அப்பாவ அப்படித்தான் கூப்பிடுவா. அவ இறங்கின உடனே நான் ஈரத்துணியால லிவரைத் துடைப்பேன். கிணத்துத் தண்ணி எங்க ஏரியாவுல உப்புக் கரிக்கும், அதனால குடிக்கிற தண்ணியிலதான் துணிய நனைச்சுக்குவேன். "நமக்குக் குடிக்கவே இல்ல, சைக்கிளுக்கு ஊத்துறியா"ன்னு பக்கத்து வீட்டுக்காரி கேட்டா. "உன் வீட்டு ஆட்டுக்கு நீ ஊத்துறதில்லையா"ன்னேன். அப்புறம் காஞ்ச துணியால ஒரு தடவை. வாரத்துக்கு ஒரு நாள் மேல இருக்கிற ரப்பரைச் சுருட்டி ஏத்தி உள்ள துடைக்கணும். நான் துடைச்சு முடிச்சதும் அவர் வந்து மூட்டுல ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். சார் கொடுத்த குட்டி பாட்டில், மூக்கு நீளமா இருக்கும்.

என் வீட்டுக்காரர் அபூபக்கர் கொச்சங்காடியில ஒரு மிளகு கோடவுன்ல எடை போடுறவர். அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேத்து நானே பேசுறதால அவசியம் வரலைன்னு வச்சுக்கங்க. அந்த மனுஷன் ராத்திரி சாப்பிட்டுக் கைய நல்லா கழுவி, பாட்டிலை எடுத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு லிவருக்கு முன்னாடி உக்காருவார் பாருங்க, பச்சப்புள்ளைக்குக் காதுல மருந்து விடுற மாதிரி இருக்கும். விட்டுட்டு லிவரை ஒரு தட்டு தட்டுவார். டக். "கேட்டியா புள்ள?"ன்னு நௌஷியப் பாத்துச் சிரிப்பார். அந்த ஒரு சத்தம்தான் அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு வார்த்தை எல்லாம்.

மூணாறுக்கு ஒரு நாள் முன்னாடி சார் வந்து சைக்கிளைப் பாத்தார். ரப்பருக்கு மேல தடவிப் பாத்தார், லிவரைத் தட்டிப் பாத்தார், என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இக்கா, புதுசு மாதிரி வச்சிருக்கீங்க. எங்க பசங்க ஒருத்தன்கூட இப்படிப் பாத்துக்கல"ன்னார். இவருக்கு முகமெல்லாம் பல்லு. அன்னைக்கு ராத்திரி ரெண்டு அரிசிப் பத்திரி அதிகமா சாப்பிட்டார்.

கோடவுன்ல லீவு சொல்லிட்டு அவரும் எங்ககூட வந்தார். கிளப் வேன்ல நாங்க, சார், இன்னொரு பொண்ணு ஆன்ஸி, அவ அப்பா, மேல ரெண்டு சைக்கிள். அடிமாலி தாண்டினதும் குளிர் ஆரம்பிச்சுது. மூணாறுல லாட்ஜ்ல இறங்கும்போது என் பல்லு தந்தி அடிக்குது. ரூமுக்குள்ள சைக்கிள் ஏத்தக்கூடாதுன்னுட்டான் லாட்ஜ்காரன். நான் போட்ட சண்டையில மேனேஜரே இறங்கி வந்தார், ஆனா மசியல. ரெண்டு சைக்கிளையும் வராந்தாவுல வச்சுப் பூட்டினோம்.

படுக்கறதுக்கு முன்னாடி அவர் சட்டைப் பையில இருந்து பாட்டிலை எடுத்துக்கிட்டு வராந்தாவுக்குப் போனார். "குளிர் ஜாஸ்தியா இருக்கு பௌசி, நாளைக்குப் புள்ளைக்கு லிவர் இறுகிடக்கூடாது. நல்லா விட்டு வைக்கிறேன்"ன்னார். நல்லாத்தான் விட்டார்.

விடிஞ்சும் விடியாம ஸ்டார்ட் பண்ற இடத்துக்குப் போனோம். புல்லெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. பொண்ணுங்க சைக்கிளை இப்படியும் அப்படியும் ஓட்டிப் பாக்குறாங்க. நௌஷி ஒரு சுத்து போயிட்டு வந்தா. நேரா என் முன்னாடி வந்து நிறுத்தினா.

"அம்மா, லிவர் பிடிக்கல."

"பிடிக்கலைன்னா?"

"தட்டினா சும்மா ஆடுது. கியர் விழமாட்டேங்குது."

நான் தட்டிப் பாத்தேன். டக்குன்னு சத்தமே இல்ல. நாக்கு செத்த மாதிரி தொளதொளன்னு போயிட்டு வருது. நேத்து வரைக்கும் நல்லா இருந்தது ராத்திரியில என்ன ஆச்சு? எனக்குத் தலைகால் புரியல. வராந்தாவுல ரெண்டு சைக்கிள் இருந்துச்சு. ஒண்ணு எங்களது, ஒண்ணு ஆன்ஸியோடது. ஆன்ஸியோடது டக்கு டக்குன்னு விழுது. எனக்கு வேற எதுவும் தோணல. நேரா அவ அப்பன்கிட்ட போனேன்.

"ராத்திரி எங்க சைக்கிள்ல கைய வச்சது யாரு?"

பாவம், அந்த மனுஷனுக்கு ஒண்ணும் புரியல. "சேச்சி, நான் ரூமை விட்டே வரலையே"ன்னார். நான் விட்டேனா? நாலு ஜில்லாக்காரங்க நின்னு வேடிக்கை பாக்குறாங்க, நான் மலையாளத்துல பாதி தமிழ்ல பாதியா கிழிச்சுக்கிட்டு நிக்கிறேன். "எம் புள்ள ஜெயிச்சா உங்க வயிறு எரியுதா"ன்னெல்லாம் கேட்டுட்டேன். ஆன்ஸி அழ ஆரம்பிச்சுட்டா.

அதுக்குள்ள சார் ரப்பரைச் சுருட்டி ஏத்தினார். குனிஞ்சு பாத்தார். உள்ள வெள்ளையா, நெய் உறைஞ்ச மாதிரி, மூட்டு மூட்டா அப்பிக் கிடக்குது. விரல்ல தொட்டு எடுத்து மூக்குக்கிட்ட கொண்டு போனார்.

"தேங்காய் எண்ணெய்"ன்னார்.

நான் திரும்பிப் பாத்தேன். என் வீட்டுக்காரர் பாட்டிலைக் கையில எடுத்துட்டார். மூக்கு நீளமான அதே பாட்டில். அமுக்குறார், ஒண்ணும் வரல. உள்ள முழுக்க வெள்ளையா உறைஞ்சு நிக்குது.

"சார் கொடுத்தது ஓணத்துக்கு முன்னாடியே தீந்துபோச்சு"ன்னார் மெதுவா. "நம்ம கோடவுன்ல தராசு கொக்கி, பூட்டு, எல்லாத்துக்கும் இதுதான் போடுறோம். காயல் காத்துல எல்லா இரும்பும் போகுது, எங்க கொக்கி போகல. நான் சுத்தமான எண்ணெய்தான் வாங்கி ஊத்தினேன். மில்லுல நின்னு ஆட்டி வாங்கினேன்."

யோசிச்சுப் பாத்தா, எங்க ஊர்ல தேங்காய் எண்ணெய் வாசனை ஒரு வாசனையே இல்ல. தலையில அது, மீன் குழம்புல அது, என் கையில அது. சைக்கிள்ல அடிச்சா எனக்கு எப்படித் தெரியும், சாருக்கு எப்படித் தெரியும்? ஃப்ரிட்ஜ்ல வச்சா உறையும்னு தெரியும். ஒரு ஊரே ஃப்ரிட்ஜா இருக்கும்னு கொச்சியில பொறந்து வளந்தவனுக்கு எங்க தோணப்போகுது? இப்ப இவ்வளவு நியாயம் பேசுறேன். அன்னைக்கு அந்த இடத்துல என் வாயில நியாயம் வரல.

"தெரியாததுல எதுக்குக் கைய வைக்கிறீங்க?"ன்னு கத்தினேன். "மிளகு மூட்டைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? ரெண்டு வருஷம் புள்ள ரத்தத்த வேர்வையாக்கி மிதிச்சா. அந்த வேர்வை கெடுக்காதத நீங்க கெடுத்துட்டீங்களே! பெத்த அப்பனே இப்படிச் செஞ்சா நான் யார்கிட்ட போய் முட்டிக்கிறது?"

நாக்குல நரம்பில்லாம பேசிட்டேன். அவர் பாட்டிலைப் பையில போட்டுக்கிட்டார், திரும்ப எடுத்தார், எங்க வைக்கறதுன்னு தெரியாம கையிலயே பிடிச்சுக்கிட்டு நின்னார். நௌஷி என்னைப் பாத்த பார்வை இருக்கே, படச்சவனே, அத நான் மறக்க மாட்டேன்.

"அம்மா, போதும் நிறுத்து"ன்னா.

சார்தான் சுதாரிச்சார். "சண்டை அப்புறம். சுடுதண்ணி!"ன்னு கத்தினார். எதுத்தாப்ல ஒரு சாயாக்கடை. சார் வாய மூடறதுக்குள்ள என் வீட்டுக்காரர் ஓடினார். வேட்டிய மடிச்சுக் கட்டாமகூட ஓடினார். பாய்லர்ல இருந்து ஒரு கெட்டில் தண்ணி பிடிச்சுக்கிட்டு, வழியெல்லாம் கையில கொட்டிக்கிட்டே வந்தார். சார் லிவரைத் தட்டிக்கிட்டே இருக்க, அவர் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினார். வெள்ளை உருகி வழிஞ்சுது. டக். இன்னொண்ணு. டக்.

"விழுது!"ன்னா நௌஷி.

"இப்பத்துக்கு விழும். உள்ள கம்பிக்கிட்ட இன்னும் இருக்கு, முழுசாக் கழுவ நேரமில்ல. கியரை மாத்திக்கிட்டே இரு, நின்னா இறுகிடும்"ன்னார் சார்.

வரிசையில நிக்கச் சொல்லி விசில் அடிச்சாங்க. விசிலுக்கும் கொடிக்கும் நடுவுல என் வீட்டுக்காரர் அவ பக்கத்துல குந்தி உக்காந்து, அந்த லிவரை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு இருந்தார். சுடுதண்ணி பட்ட கை செவந்து கிடந்துச்சு. ஊதினார், பொத்தினார், ஊதினார். ஒரு ஆபீசர் வந்து விலகச் சொன்ன அப்புறம்தான் கைய எடுத்தார்.

எங்களை வேன்ல ரேஸ் முடியற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வழியெல்லாம் சார் பாதைய விவரிச்சுக்கிட்டே வந்தார். முதல்ல ஒரு ஏத்தம், நடுவுல தேயிலைத் தோட்டத்துக்குள்ள நீள இறக்கம், கடைசியில ஒரு பெரிய ஏத்தம். "அந்தக் கடைசி ஏத்தம் நௌஷிதாவுக்கு அல்வா"ன்னார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. என் வீட்டுக்காரரைப் பாத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி உதடு மட்டும் அசையுது, ஓதிக்கிட்டு வந்தார். அவர் தோள்ல கைய வைக்கணும்னு இருந்துச்சு, வைக்கல. கோவம் முழுசா இறங்கல, என்ன செய்ய.

முதல்ல கோட்டயத்துப் பொண்ணு ஒருத்தி வந்தா. ரெண்டாவதும் தெரியாத முகம். மூணாவது ஆன்ஸி. அவ அப்பா குதிச்சுட்டு என்னைப் பாத்ததும் அடக்கிக்கிட்டார். நாலாவதா ஒரு நீலச் சட்டை வந்துச்சு, நௌஷியோ நௌஷியோன்னு எட்டி எட்டிப் பாத்தேன், இல்ல. அஞ்சாவதும் இல்ல.

அப்புறம் வளைவுல அவ வந்தா. சீட்டுல உக்காரல. எழுந்து நின்னு, மொத்த உடம்பையும் ஒவ்வொரு பெடல் மேலயும் போட்டு அமுக்கிக்கிட்டு வர்றா. கிணத்துல இருந்து பாறைய இழுக்கிற மாதிரி. நடந்து வந்தா அதைவிட வேகமா வந்திருப்பா. அந்தக் குளிர்லயும் தாடையில இருந்து வேர்வை சொட்டிச்சு, அதே வலது பக்கம். கோட்டைத் தாண்டினதும் சைக்கிளோட சாஞ்சா, சார் பிடிச்சுக்கிட்டார்.

பழக்கதோஷம், என் கை தன்னால துணிய எடுத்துக்கிட்டுப் போய் சைக்கிளைப் பிடிச்சுது. லிவரைத் துடைச்சேன். தொளதொளன்னு ஆடுச்சு. பின் சக்கரத்தைப் பாத்தேன். செயின் இருக்கிறதுலயே சின்னப் பல்லுல கிடந்துச்சு. இறக்கத்துல போட்டிருக்கா, தோட்டத்து நிழல் குளிர்ல அது திரும்ப இறுகியிருக்கு, அப்புறம் ஏறவே இல்ல. அந்தக் கல்லு கியர்லயே என் மக மலை ஏறி வந்திருக்கா.

என் வீட்டுக்காரர் துண்டோட அவகிட்ட ஓடினார். முகத்தைக்கூடத் துடைக்கல, முதல் கேள்வியே அதுதான்.

"புள்ள, லிவர்... வேலை செஞ்சுச்சா?"

அவ மூச்சு வாங்கிக்கிட்டே அவரைப் பாத்தா. அவர் கையப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. அந்த ஒரு பார்வையில என் வாயக் கட்டிப்போட்டா.

"நல்லா வேலை செஞ்சுச்சு அத்தா. டக்கு டக்குன்னு விழுந்துச்சு. எனக்குத்தான் கால் வரல."

"சுடுதண்ணி போதுமா இருந்துச்சா?"

"போதும் அத்தா."

சாரும் செயினைப் பாத்துட்டார். "என்ன நௌஷிதா, இது கடைசி..."ன்னு ஆரம்பிச்சார். நான் நடுவுல பூந்தேன். "சார், கைகால் விறைச்சுப்போச்சு, முதல்ல ஒரு சாயா வாங்கிக் கொடுங்க. அப்புறம் உங்க கிளாஸ் எல்லாம் எடுக்கலாம்"ன்னு அவர் முழங்கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். அவர் என்னைப் பாத்தார், புரிஞ்சுக்கிட்டார். சாயாக்கடையில ஆன்ஸி அப்பாவும் நின்னார். "தப்பாப் பேசிட்டேன் சேட்டா, மன்னிச்சுக்கங்க"ன்னேன். அந்த நல்ல மனுஷன் அவருக்கு வந்த டம்ளரை எனக்குக் கொடுத்தார். அதைக் குடிக்க முடியாம அழுதேன்.

மத்தியானம் மலை இறங்கினோம். வேன் மேல கட்டின கயிறு அவிழுதுன்னு நௌஷி சைக்கிளை மட்டும் உள்ள எடுத்து, பின்சீட்டுல என் வீட்டுக்காரர் பக்கத்துல நிறுத்தி வச்சிருந்தாங்க. நான் அவருக்கு முன்சீட்டு. நௌஷி என் தோள்ல சாஞ்சு கண்ணை மூடியிருந்தா. நேரியமங்கலம் பாலம் வந்ததும் வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. ஸ்வெட்டரைக் கழட்டினேன். வேனுக்குள்ள தேங்காய் எண்ணெய் வாசனை வர ஆரம்பிச்சுது. இந்தத் தடவை எனக்குத் தெரிஞ்சுது.

திரும்பிப் பாத்தேன். லிவர்ல இருந்து எண்ணெய் உருகி, அவர் வெள்ளை வேட்டி மேல ஒவ்வொரு சொட்டா விழுது. அவர் அதையே பாத்துக்கிட்டு இருந்தார். மெதுவா கைய நீட்டி லிவரைத் தட்டினார்.

டக்.

நௌஷியோட உடம்பு என் தோள்ல இறுகுச்சு. கண்ணைத் திறக்கல.

அவர் திரும்பத் தட்டினார். டக். சுதீர் சார் பாராட்டினப்போ எப்படி விழுந்துச்சோ அப்படியே விழுது. அவர் குனிஞ்சு பின் சக்கரத்தைப் பாத்தார். செயினைப் பாத்தார், அது இன்னும் அந்தச் சின்னப் பல்லுலயே கிடந்துச்சு. வாழ்க்கை பூரா தராசு முள்ளைப் பாத்து எடை சொன்ன மனுஷன் அவர். ராத்திரி ராத்திரி எண்ணெய் விட்டவருக்கு எந்தப் பல்லு எதுக்குன்னு தெரியாதா?

"புள்ள"ன்னு கூப்பிட்டார். "கால்தானே வரல?"

"ஆமா அத்தா"ன்னா அவ, கண்ணைத் திறக்காமலே. "கால்தான்."

"சரி"ன்னார்.

தோள்ல கிடந்த துண்டை எடுத்து மடிச்சு, சொட்டு விழற இடத்துல லிவருக்கு அடியில கையோட பிடிச்சுக்கிட்டார். நான் ஏதாவது சொல்லணும்னு வாயத் திறந்தேன். மூடிக்கிட்டு, நௌஷியோட தலையத் தோள்ல அணைச்சுக்கிட்டேன். எங்க ஊருக்குள்ள நுழையற தோப்பும்படி பாலம் வர்ற வரைக்கும் அவர் அந்தக் கைய எடுக்கவே இல்ல. அதுக்கப்புறம் லிவரையும் தட்டல.